சுகமில்லையெண்டு சொல்ல ஏலாத இடங்கள்

சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போய்த் திரும்பி வரேக்க நடந்தது இது. நாங்கள் ஐந்து பேர். ஆளுக்கொரு பை நிறையப் புத்தகம், கையில் மிஞ்சின காசு தேத்தண்ணிக்கும் காணாது. கட்டுநாயக்கவுக்கு இரவு ஒன்பதரைக்கு வெளிக்கிட வேண்டிய பிளேன் முதலில் ஒரு மணித்தியாலம் பிந்தும் என்றார்கள். பிறகு இன்னும் ஒண்டரை. பிறகு பலகையில் நேரமே இல்லை. பதினொரு மணிபோல வாசலில் நின்ற பிள்ளை மெல்லிய குரலில் உண்மையைச் சொன்னா: கப்டனுக்குச் சுகமில்லை, வேறொருவர் வரவேணும்.

சனம் கொதிச்சுப் போச்சு. நாங்களும் சும்மா இருக்கேல்ல. "ரெண்டு பனடோலைப் போட்டிட்டு ஓட்டலாம்தானே, ஒண்டேகால் மணித்தியாலப் பயணம்" எண்டு எங்களில் ஒருத்தன் சொல்ல, எல்லாரும் சிரிச்சம்.

எல்லாரும் எண்டது பிழை. ஒருத்தி சிரிக்கேல்ல.

நேரம் போகாமல் போனை நோண்டிக்கொண்டு இருந்தபோதுதான் 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்தைப் பற்றி வாசித்தோம். பெப்ரவரி 12 இரவு, நியூவார்க்கில் இருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் எயார் 3407 விமானம், இறங்குவதற்குச் சற்று முன் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். துணை விமானிக்கு வயது 24. எங்கட வயதுதான். அவருடைய வீடு நாட்டின் மற்றக் கரையில், சியாட்டில் பக்கம். சம்பளத்துக்கு நியூவார்க்கில் வாடகை கட்டி இருக்க ஏலாது. ஆகவே முதல்நாள் இரவு முழுக்க வேறு விமானங்களில் தொற்றி வந்துதான் வேலைக்கு ஏறியிருக்கிறார். கப்டனும் முதல் இரவை விமான நிலையத்தில், விமானிகளின் அறையில்தான் கழித்திருக்கிறார்.

அந்தப் பிள்ளைக்குத் தடிமன். கொக்பிட்டில் பதிவான ஒலியில் தும்மல் கேட்கிறது. வீட்டில் இருக்கும்போது இப்படி இருந்திருந்தால் வேலைக்கு வந்திருக்க மாட்டேன், இங்கே வந்த பிறகு சுகமில்லையென்று சொன்னால் ஹோட்டலுக்குக் காசு கட்டவேண்டி வரும் என்ற பொருளில் கப்டனிடம் சொல்லியிருக்கிறார்.

விபத்துக்குத் தடிமன் காரணம் இல்லை. விமானம் வேகம் குறைந்து, இறக்கைகள் தூக்கும் சக்தியை இழக்கப்போகும் நேரத்தில் எச்சரிக்கையாக ஸ்டிக் அதிர்ந்தது. முன்னுக்குத் தள்ளவேண்டிய அதைக் கப்டன் பின்னுக்கு இழுத்தார். விசாரணைச் சபை சொன்ன முதன்மைக் காரணம் அதுதான். களைப்பு இருவரையும் பாதித்திருக்கக்கூடும், ஆனால் எவ்வளவு என்று அளக்க முடியாது என்றும் சொன்னது. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் நின்றதால் 2010இல் சட்டம் வந்தது. 2014 ஜனவரியில் புதிய ஓய்வு விதிகள் நடைமுறைக்கு வந்தன: வேலைக்கு முன் 10 மணித்தியால ஓய்வு, அதற்குள் 8 மணித்தியாலம் தூங்க வாய்ப்பு. ஆனால் செலவு கூடும் என்ற கணக்கில் சரக்கு விமானங்களின் விமானிகள் இதற்குள் சேர்க்கப்படவில்லை. பெட்டி ஏற்றிப் போகிறவனுக்குக் களைப்பு வராதோ?

சர்வதேச விதி தெளிவாகத்தான் இருக்கிறது. உடல்நிலை சரியில்லை, அதனால் பாதுகாப்பாக ஓட்ட ஏலாமல் போகலாம் என்று தெரிந்தால் விமானி பறக்கக்கூடாது. அதாவது அது சலுகை இல்லை, கடமை. சும்மா தடிமன்தானே என்று நாங்கள் நினைக்கிறோம். மூக்கடைப்போடு உயரத்தில் இருந்து இறங்கும்போது காதுக்குள்ளும் நெற்றிக்குள்ளும் வரும் வலி, கவனத்தை முழுசாகப் பறிச்சுப்போடும். தடிமன் குளிசைகள் சிலது நித்திரையை வரப்பண்ணும். பறக்கிறதா இல்லையா என்ற இறுதி முடிவு கப்டனின் கையில். சம்பளமும் வேலை நேர அட்டவணையும் நிர்வாகத்தின் கையில். சண்டை இந்த இரண்டு கைகளுக்கும் நடுவில்தான்.

2022 ஜூனில் விஸ் எயார் நிறுவனத்தின் தலைவர் ஊழியர்களோடு பேசிய வீடியோ ஒன்று வெளியில் வந்தது. களைப்பு எல்லாருக்கும் உண்டு, சில நேரம் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஓடவேணும் என்ற மாதிரி அவர் பேசியிருந்தார். ஐரோப்பிய விமானிகளின் கூட்டமைப்பு, இது வெறிகாரனின் கையில் கார்ச் சாவியைக் கொடுக்கிற வேலை என்று திருப்பிக் கேட்டது. பாதுகாப்பில் சமரசம் இல்லை என்று நிறுவனம் மறுத்தது.

மறுபக்கமும் இருக்கிறது. 2016 ஒக்டோபரில் ஜெர்மனியின் ரியூஐஃப்ளை நிறுவனத்தில் நிர்வாகம் மறுசீரமைப்பை அறிவித்த கையோடு, வழக்கமாகப் பத்து வீதமளவில் இருந்த சுகயீன விடுமுறை, விமானிகளிடையே 89 வீதம் வரைக்கும் ஏறியது. ஊரிலுள்ள கிருமியெல்லாம் ஒரே கிழமையில் கொக்பிட்டுக்குள் புகுந்திருக்காது. 'சுகயீன விடுமுறைப் போராட்டம்' என்ற சொல்லோடு வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பயணிகளின் நட்டஈட்டு வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. நிர்வாகத்தின் முடிவால் வந்த எதிர்ப்பு நிறுவனத்தின் வழமையான நடவடிக்கைகளோடு சேர்ந்ததுதான், அதைக் காட்டி நட்டஈட்டில் இருந்து தப்ப ஏலாது என்று 2018இல் தீர்ப்பு வந்தது. எங்களுக்கு அந்தத் தீர்ப்பு நியாயமாகத்தான் படுது. ஆனாலும் ஒன்று உறுத்துது. வருத்தம் ஆயுதமானால், அடுத்த மாதம் உண்மையாகவே காய்ச்சல் வாறவனை ஆர் நம்புவினம்?

இதையெல்லாம் வாசித்துச் சொல்லிக்கொண்டு இருக்கேக்கதான் சிரிக்காமல் இருந்தவள் வாய் திறந்தாள். ஏ.எல். எடுத்த பிறகு ஒரு வருசம் அவள் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவள். ஒருநாள் வராவிட்டால் அந்த மாதத்து வரவுக் கொடுப்பனவு வெட்டு. மூன்று நாள் காய்ச்சலோடு மெஷினுக்கு முன்னால் இருந்திருக்கிறாள். நாலாம் நாள் ஊசி விரலுக்குள்ளால போனது. "சுகமில்லையெண்டு சொல்லியிருந்தா நம்பியிருப்பினம். ஆனா காசு வெட்டுப்படும். அதுதான் சொல்லேல்ல" என்றாள். பிறகு எங்களைப் பார்த்து, "நீங்களும் அப்பிடித்தானே" என்றாள்.

எங்களுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கினபோது ஒருத்தருக்கும் கதை வரேல்ல. இரண்டு மாதத்துக்கு முதல் எங்கட நிகழ்வொன்றுக்கு முதல்நாள், காய்ச்சல், வர ஏலாது என்று அவள் குழுவுக்குள் செய்தி போட்டிருந்தாள். "கொஞ்சம் சமாளிச்சு வா, நீ இல்லாட்டி நடக்காது" என்று நாங்கள்தான் பதில் போட்டோம். கீழே மூன்று பேர் இதயம் வேறு போட்டிருந்தோம். அவள் வந்தாள். கதிரை அடுக்கினாள். நாங்கள் அவளை மெச்சினோம்.

சம்பளம் கொடுக்காத, அட்டவணை போடாத நாங்களும் நிர்வாகம் மாதிரித்தான் நடந்திருக்கிறோம். அன்பாகக் கேட்டோம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

புதுக் கப்டன் ஒரு மணி தாண்டித்தான் வந்தார். நித்திரையில் இருந்து எழும்பி வந்த முகம். எங்களைக் கடந்து போகேக்க சனம் சிலர் கிண்டலாகக் கை தட்டினார்கள். நாங்கள் தட்டவில்லை. விடியப்புறம் கட்டுநாயக்கவில் இறங்கி, பஸ்ஸுக்கு நிக்கேக்க, பனடோல் கதை சொன்னவன் அவளின் புத்தகப் பையையும் தூக்கிக்கொண்டு நின்றான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

இப்ப எங்கட குழுவில் ஆராவது சுகமில்லையென்று சொன்னால், "சரி, படு" என்று மட்டும்தான் பதில் போடுகிறோம். போன மாத நிகழ்வு அதனால் ஒரு கிழமை பிந்தினது. ஒண்டும் குடிமுழுகிப் போகேல்ல.