அப்பாவுக்கு ஒரு புத்தகம்

அம்மாவுக்குப் பரிசு வாங்குவது சுலபம். ஒரு சேலையோ, எவர்சில்வர் அடுக்கோ போதும், முகம் மலர்ந்துவிடும். ஆனால் அப்பாவுக்கு? வேட்டி எடுத்துக் கொடுத்தால், "பீரோவிலே ஏழு வேட்டி மடிப்புக் கலையாம இருக்கு" என்பார். கைக்கடிகாரம் வாங்கினால், "இருக்கறதே நல்லா ஓடுதே" என்பார். எதை நீட்டினாலும், "எனக்கு எதுக்கும்மா வீண் செலவு?" என்ற ஒரே பதில்தான். உங்கள் வீட்டிலும் இதே கதைதானே?

எங்கள் வீட்டில் சில வருஷங்களாக அப்பாக்களுக்குப் புத்தகம்தான் பரிசு. 'அப்பாக்கள்' என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னைப் பெற்றவர், என் மாமனார், என் தங்கையின் மாமனார் என்று மூன்று பேர். மூவரும் எழுபதைத் தாண்டியவர்கள். மூவரும் மூன்று திசை!

வயதானவருக்குப் புத்தகம் என்றால் கடையில் நம் கை இரண்டு அலமாரிகளுக்குத்தான் போகும். ஒன்று பக்தி. இன்னொன்று சர்க்கரை வியாதி, ரத்த அழுத்தம். இரண்டுமே நல்லவைதான். அவரே கேட்டால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். கேட்காமல் கொடுத்தால், "உங்களுக்கு வயசாகிவிட்டது" என்பதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அந்த மனிதருக்கென்று ஒரு தொழில் இருந்தது, ஓர் ஊர் இருந்தது, ஓர் ஆசை இருந்தது. அந்த மனிதருக்கு வாங்குவோமே, அவருடைய வயதுக்கு எதற்கு வாங்க வேண்டும்?

என் மாமனார் திருவையாற்றுப் பக்கத்து விவசாயி. முழங்கால் வலியால் வயலுக்குப் போவது நின்று, இப்போது சென்னையில் எங்களோடு இருக்கிறார். காலையில் பேப்பர் வந்ததும் மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்றுதான் முதலில் கேட்பார். 120 அடி நிரம்பிவிட்டால் அன்றைக்கு ஒரு கவளம் சோறு கூடுதலாக இறங்கும். அதைக் கவனித்துத்தான் 'நடந்தாய் வாழி காவேரி' வாங்கினேன். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியோடு பயணம் போய் எழுதிய நூல். 1971-ல் வெளிவந்தது.

மாமாவுக்குக் கண்ணில் புரை. அதனால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் என் பையன் நாலு பக்கம் வாசித்துக் காட்டுவான். இங்கிலீஷ் மீடியம் பையன், தட்டுத் தடுமாறித்தான் வாசிப்பான். நடுவில் மாமா எதையாவது சொல்ல, "மதகுன்னா என்ன தாத்தா?" என்று கேட்பான். அவ்வளவுதான், டம்ளரும் தட்டும் அணையும் வாய்க்காலுமாகிவிடும். தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் ஏன் சண்டை வருகிறது என்பதுவரை விளக்கம் நடக்கும். நாலு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். குழம்பு ஆறிப்போகும், நான் வாயைத் திறப்பதில்லை.

தங்கையின் மாமனார் கோயம்புத்தூர் பஞ்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் இவர் திண்ணைக்குத்தான் வரும். "பொஸ்தகமெல்லாம் எனக்கு எதுக்குங்க அம்மிணி? நான் என்ன வாத்தியாரா?" என்று சிரித்தார். அவருக்கு நான் கொடுத்தது சிவசங்கரி எழுதிய 'அப்பா'. பெயரே பொருத்தம், பார்த்தீர்களா? ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை வரலாறு அது. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கியவர், பிறகு எத்தனை இயந்திரங்களை உருவாக்கினார்! "அட, நம்மூர்க்காரருங்க!" என்று வாங்கிக்கொண்டார். வரிக்குக் கீழே விரலை வைத்து தினம் இரண்டு பக்கம் படித்தாராம். படித்து முடித்ததும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவிநாசி சாலையில் உள்ள நாயுடு அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தார். அங்கே வாத்தியார் அவரேதானாம்!

இனி என் அப்பா. தபால் இலாகாவில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா காலமான பிறகு பேச்சே குறைந்துவிட்டது. போன் செய்தால், "ம்... சாப்பிட்டேன்... வெச்சுடட்டுமா?" அவ்வளவுதான். பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடக்கும். எனக்கு உள்ளூரப் பயம். உறவினர்கள் பற்றற்று இருப்பது பற்றிய புத்தகங்களாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லாம் அலமாரிக்குப் போயின.

அப்பாவும் அம்மாவும் ராத்திரியில் டி.வி.யில் பழைய படம் பார்ப்பார்கள். டைட்டில் ஓடுவதற்கு முன்பே அப்பா வருஷத்தையும் இசையமைப்பாளரையும் சொல்லிவிடுவார். "ஆமா, பெரிய பரீட்சை பாஸ் பண்ணிட்டீங்க" என்பாள் அம்மா. அவள் போன பிறகு அந்த டி.வி.யும் ஊமையாகிவிட்டது. இதை நினைத்துத்தான் 'எம் தமிழர் செய்த படம்' என்ற நூலைத் தேர்ந்தெடுத்தேன். சு. தியடோர் பாஸ்கரன் தமிழ் சினிமாவைப் பற்றி எழுதியது. கொடுக்கும்போது, "இவர் சீஃப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலா இருந்து ரிடையர் ஆனவர்ப்பா" என்றேன்.

"நம்ம டிபார்ட்மெண்டா?" என்று கண்ணாடியைத் தேடினார். பல மாதங்களுக்குப் பிறகு அவராகக் கேட்ட முதல் கேள்வி அது.

பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார். "உங்க பாட்டிக்கு 'சிந்தாமணி' பாட்டெல்லாம் மனப்பாடம், தெரியுமா? 1937-லே வந்த படம். அதைக் கேட்டுக் கேட்டு உங்கம்மாவும் பாடுவா. கல்யாணமான புதுசுலே..." என்று ஆரம்பித்தவர் இருபது நிமிஷம் பேசினார். 'உங்கம்மா' என்ற சொல் அவர் வாயிலிருந்து அதுவரை வரவே இல்லை. துக்கம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அதைப் பேச அவருக்கு ஒரு வழி கிடைத்தது.

ஒன்று சொல்ல வேண்டும் சகோதரிகளே, புத்தகம் மருந்தல்ல. பெரியவர் வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது.

வாங்கும்போது கவனிக்கச் சில விஷயங்கள். எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். பளபளக்கும் தாள் கண்ணைக் கூசும். கனமான புத்தகம் கை நடுங்குபவருக்குச் சுமை. பல பாகங்களாக வந்திருந்தால் அதையே வாங்குங்கள். வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை செய்து கண்ணாடியையும் சரிபார்த்துவிடுங்கள். நடக்க முடிந்தவரானால் புத்தகக் காட்சிக்கே அழைத்துப் போகலாம். சென்னையில் 1977 முதல் நடக்கிறது, வழக்கமாகப் பத்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு. அவர் எந்தக் கடையில் அதிக நேரம் நிற்கிறார் என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

கொடுத்த பிறகு, "படிச்சீங்களா, எத்தனையாவது பக்கம்?" என்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி கேட்காதீர்கள். "அந்தக் காலத்திலே நிஜமாவே இப்படித்தான் இருந்துச்சாப்பா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்காருங்கள். பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.