முதுகில் மூட்டை, முன்னால் ரோமாபுரி

ரோம் நகரத்துக்கு நான் எடுத்துப் போன சாமான் மொத்தம் 7 கிலோ. பல் தேய்க்கும் பிரஷிலிருந்து மாற்றுத் துணி வரை எல்லாமே ஒரே முதுகுப்பையில்! "பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கே உனக்கு ரெண்டு பெட்டி வேணும். பத்து நாளைக்கு இது போதுமாடி?" என்று அம்மா சிரித்தாள். சிரிப்புக்குப் பின்னால் இருந்த பயம் எனக்குத் தெரியாதா? 23 வயசுப் பெண். துணைக்கு ஆள் கிடையாது. கையில் இருப்பதோ ஒரு வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம். படுக்கைக்கு முன்பே பணம் கட்டியாயிற்று. மற்றபடி சாப்பாடு, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 45 யூரோ என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அது கட்டுப்படியாகுமா, தனியாகச் சமாளிப்பேனா என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே விடுதி. பெண்களுக்கு மட்டுமான அறை, ஆறு கட்டில்கள். பெரிய பையை அங்கே பூட்டி வைத்துவிட்டு, சின்னத் துணிப்பையை மார்போடு குறுக்காக மாட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்குக் கிளம்பினேன். மே மாதம், வெயில் இதமாகவே இருந்தது.

மூக்கன் குழாய்

தெருமுனையில் இடுப்பளவு உயரத்துக்கு ஓர் இரும்புத் தூண். அதிலிருந்து மூக்கு மாதிரி வளைந்த குழாய். தண்ணீர் சதா கொட்டிக்கொண்டே இருக்கிறது. 'நாசோனி' என்று பெயர். பெரிய மூக்கு என்று அர்த்தமாம்! 1874-ல் வைக்க ஆரம்பித்து, இன்று ஊர் முழுக்க ஏறத்தாழ 2,500 இருக்கின்றன. நல்ல குடிதண்ணீர், காசு கிடையாது.

பாட்டிலை நீட்டியவளைத் தடுத்து, காய்கறிப் பையோடு வந்த ஒரு பாட்டியம்மாள் குழாய் வாயை விரலால் அடைத்துக் காட்டினார். மூக்கின் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வில்லாக வளைந்து மேலே பாய்ந்தது. குனியாமலே குடிக்கலாம்! பாஷை தெரியாவிட்டால் என்ன, குழாயடிச் சிநேகம் எந்த ஊரிலும் ஒன்றுதான். அந்த நிமிஷமே மனசில் பாதிப் பயம் போய்விட்டது.

மாடியில் பெண்கள்

அங்கிருந்து கவூர் தெரு வழியாக இறங்கி நடந்தால் அரைமணிக்குள் கொலோசியம். அடேயப்பா! கி.பி. 80-ல் திறந்த அரங்கம். 48 மீட்டர் உயரம். 50,000 பேர் உட்காரலாம். மனிதனும் மிருகமும் சாகிறதை வேடிக்கை பார்க்கக் கட்டியது என்று நினைக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. பெண்களுக்கு எந்த இடம் தெரியுமா? உச்சியில், கடைசித் தட்டில்.

சுவரெங்கும் அம்மைத் தழும்பு போல ஓட்டைகள். கல்லையும் கல்லையும் பிணைத்திருந்த இரும்பைப் பிற்காலத்தில் பெயர்த்தெடுத்த தடயம் அது. இடிந்து விழுந்த கல்லையும் ஜனங்கள் விடவில்லை. மாளிகைகளுக்கும் மாதா கோவில்களுக்கும் வண்டி வண்டியாக எடுத்துப் போனார்கள். கிழிந்த புடவையைத் தூளியாக்கி, தூளியைக் கரித்துணியாக்கும் வீட்டுக்காரியைப் போல, இந்த ஊர் எதையும் சும்மா எறிந்துவிடவில்லை. அன்று முழுக்க எங்கே திரும்பினாலும் இதைத்தான் பார்த்தேன்.

அணையாத அடுப்பு, நம்ம ஊர் மிளகு

கொலோசியம் சீட்டிலேயே பக்கத்திலுள்ள ஃபோரத்தையும் பார்க்கலாம். பழைய ரோமின் கடைத்தெரு, கச்சேரி, கோவில் எல்லாம் அங்கேதான். ரொம்ப நேரம் நான் நின்ற இடம் வெஸ்டா கன்னியர் வாழ்ந்த வீடு. வெஸ்டா அடுப்பின் தெய்வம். அவள் கோவில் தீ அணையாமல் காக்க ஆறு பெண்கள். ஆறு வயதிலிருந்து பத்து வயதுக்குள் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். முப்பது வருஷம் கல்யாணம் கிடையாது. தீ அணைந்தால் சவுக்கடி. ஆனால் அவர்களுக்குச் சொந்தமாகச் சொத்து வைத்துக்கொள்ள உரிமை உண்டு. அரங்கத்தில் முன்வரிசையில் ஆசனமும் உண்டு. மரியாதைக்குக் கொடுத்த விலையைப் பார்த்தீர்களா? நாலாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தத் தீயை அணைத்துவிட்டார்கள்.

அதற்குக் கொஞ்ச தூரத்தில் மாக்சென்டியஸ் கட்டடத்தின் அடியில் ஒரு கிடங்கு இருந்த இடம். முதல் நூற்றாண்டில் டொமிஷியன் சக்கரவர்த்தி கட்டிய மிளகுக் கிடங்கு! சேர நாட்டு முசிறியில் யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினதைச் சங்கப் பாடல் சொல்கிறது. அவர்கள் கொடுத்த ரோமானியக் காசுகள் கரூர், கோவைப் பக்கம் இன்றும் மண்ணைத் தோண்டினால் கிடைக்கின்றன. முசிறித் துறையில் ஏற்றின மூட்டைகள் வந்து இறங்கிய இடத்தில் நிற்கிறோம் என்றதும், முன்பின் தெரியாத ஊர் தூரத்து உறவாகிவிட்டது.

கூரையில் ஓட்டை, மழைக்கு வரவேற்பு

மத்தியானம் ஒரு சதுர பீட்ஸா. கத்தரிக்கோலால் வெட்டி, தராசில் நிறுத்துத் தருகிறார்கள். 'இவ்வளவு' என்று கையைக் காட்டினால் போதும். ஐந்து யூரோவில் வயிறு நிறைந்தது.

பிறகு பாந்தியன். சுமார் 1,900 வருஷத்துக்கு முன் ஹாட்ரியன் கட்டிய கோவில். 609-ல் அதையே மாதா கோவிலாக மாற்றிக்கொண்டதால் இடிபடாமல் தப்பியது. குவிமாடம் 43 மீட்டர் அகலம். தரையிலிருந்து உச்சிக்கும் அதே 43 மீட்டர்தான். கம்பியே போடாத கான்கிரீட்! பாரம் குறைய, மேலே போகப்போக லேசான எரிமலைக் கல்லைக் கலந்திருக்கிறார்கள். உச்சியில் பெரிய வட்ட ஓட்டை, மூடியே கிடையாது. மழை பெய்தால் உள்ளேதான் விழும். முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதுசில்லை: தரையில் லேசான சரிவு, தண்ணீர் வடியச் சின்னச் சின்னத் துவாரங்கள்.

நாலு தெரு தள்ளி நவோனா சதுக்கம். நீள்வட்டமாக இருக்கிறதே என்று பார்த்தால், அது டொமிஷியனின் பழைய ஓட்டப் பந்தய மைதானம்! ஆசனங்கள் இருந்த அஸ்திவாரத்தின் மேலேயே வீடுகளை எழுப்பிவிட்டார்கள். நடுவில் பெர்னினி 1651-ல் முடித்த நாலு நதிகளின் நீரூற்று. அதில் நம் கங்கையும் உண்டு. ஆனால் தாடி வைத்து, துடுப்புப் பிடித்த ஆணாக! கங்கைத் தாயாரை இந்தக் கோலத்தில் பார்த்ததும் தனியாக நின்றே சிரித்துவிட்டேன்.

ஒரு பெண் காட்டிய ஊற்று

சாயங்காலம் ட்ரெவி நீரூற்று. ஒரு அரண்மனையின் முதுகு முழுக்கச் சிலைகள், 26 மீட்டர் உயரம், 1762-ல் முடிந்தது. நான் தேடியது மேலே வலப்பக்கம் இருக்கும் ஒரு சிற்பத்தை. தாகத்தோடு வந்த போர்வீரர்களுக்கு ஒரு கன்னிப்பெண் ஊற்றைக் காட்டினாளாம். அந்தத் தண்ணீரைத்தான் கி.மு. 19-ல் அக்ரிப்பா, 20 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டி ஊருக்குள் கொண்டுவந்தார். 'கன்னி நீர்' என்றே இன்றும் பெயர். ட்ரெவிக்கு வருவது அதே கால்வாயின் வழிதான். அந்தப் பெண்ணின் பேர் யாருக்கும் தெரியாது.

முதுகைக் காட்டி நின்று, வலது கையால் இடது தோளுக்கு மேலே காசு போட்டால் மறுபடி ரோமுக்கு வருவோம் என்பது ஐதீகம். விழும் காசு வருஷத்துக்குப் பத்து லட்சம் யூரோவுக்கு மேல். அள்ளி ஏழைகளுக்கு உதவும் தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுக்கிறார்கள். என் கணக்கிலிருந்தும் ஒரு காசு போயிற்று.

ராத்திரிச் சாப்பாடு 'காச்சோ ஏ பெப்பே'. பாலாடைக்கட்டியும் மிளகும் போட்ட நீளமான பாஸ்தா. வெண்ணெய் கிடையாது, க்ரீம் கிடையாது. பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் கிளறுகிறார்கள்; அதுவே குழம்பு போல ஒட்டிக்கொள்கிறது. கஞ்சியைக்கூடக் கொட்டாத ஊர்! தனியாக மேஜையில் உட்கார்ந்து, யாரும் என்னை உற்றுப் பார்க்காமல், நிதானமாகச் சாப்பிட்டேன். விடுதிக்குத் திரும்பியபோது மணி எட்டரை, வானத்தில் இன்னும் வெளிச்சம். நோட்டில் மீதி 4 யூரோ.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

* பழகின செருப்போ ஷூவோதான் போடுங்கள். தெருவெல்லாம் சதுரக் கல் பாவியது. புதுச் செருப்பு கடித்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது.

* கோவில்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஒரு துப்பட்டா கைவசம் இருக்கட்டும்.

* காப்பியை நின்றபடியே குடியுங்கள். மேஜையில் உட்கார்ந்தால் விலை ஏறும்.

* ஸ்பானியப் படிக்கட்டில் கால் வலிக்கிறதே என்று உட்காராதீர்கள். 2019 முதல் தடை, அபராதம் போடுவார்கள்.

* ரயில் நிலையத்திலும் நெரிசலான பஸ்ஸிலும் பை மார்பின் மேலேயே இருக்கட்டும்.

* மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியத்துக்குக் கட்டணமில்லை, கூட்டத்துக்கும் குறைவில்லை.

* சுத்த சைவம் பார்ப்பவர்கள் கேட்டுச் சாப்பிடுங்கள். அங்கத்திய பெகொரினோ பாலாடைக்கட்டியில் ஆட்டுக்குட்டியின் உறைமோர் சேரும்.

* முதல் நாளே எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டாம். நாலு இடம் போதும். நடுநடுவே மூக்கன் குழாயடியில் நின்று, தண்ணீர் குடித்து, காலுக்கு ஓய்வு கொடுங்கள். அத்தனை வருஷம் நின்ற ஊர், நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.