அவிநாசி: தோழனை மீட்டுத் தந்த திருத்தலம்

கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற திருத்தலங்கள் ஏழு. அவற்றுள் இரண்டு, இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் ஒரே சாலையில் அமைந்துள்ளன. திருப்பூரிலிருந்து அவிநாசி சாலையில் சுமார் 8 கி.மீ. சென்றால் திருமுருகன்பூண்டி. அங்கிருந்து மேலும் 5 கி.மீ. அளவில் அவிநாசி. விநாசம் என்பது அழிவு. அவிநாசி என்றால் அழிவில்லாதது. தேவாரம் இத்தலத்தைத் திருப்புக்கொளியூர் என்று போற்றுகிறது.

இவ்விரு தலங்களையும் பாடியவர் சுந்தரமூர்த்தி நாயனார். நட்பின் பெருமையை உணர விரும்பும் அன்பர்கள் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துத் தரிசிப்பது நன்று. ஏனெனில், ஒரு பதிகம் அவர் தம் நண்பரைக் கண்டு திரும்பும் வழியில் பிறந்தது. மற்றொன்று, நெடுநாள் கழித்து அதே நண்பரை மீண்டும் காணச் செல்லும் வழியில் பிறந்தது.

அந்த நண்பர் கொடுங்கோளூரில் இருந்து அரசாண்ட சேரமான் பெருமாள் நாயனார். சுந்தரரைக் காண வேண்டும் என்ற வேட்கையால் நாட்டை விட்டுப் புறப்பட்டுத் திருவாரூர் வரை வந்தவர். இருவரும் கண்டவுடன் ஒருவரையொருவர் வணங்கித் தழுவிக்கொண்டனர். அதுமுதல் சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்ற பெயரோடு சேரமான் தோழர் என்ற பெயரும் சேர்ந்தது.

சேரநாடு சென்று நண்பரோடு தங்கியிருந்த சுந்தரர் திரும்பும்போது, சேரமான் பெருமாள் பெருஞ்செல்வத்தை ஆட்களின் தலையில் ஏற்றி அனுப்பினார். திருமுருகன்பூண்டி அருகே வேடர் உருவில் வந்த சிவபூதங்கள் அதனைப் பறித்துக்கொண்டன. தம் தோழனுக்குத் தாமே கொடுக்க வேண்டும் என்பது இறைவன் திருவுள்ளம். சுந்தரரோ, வழிப்பறி நடக்கும் இவ்வூரில் நீர் எதற்காக எழுந்தருளியிருக்கிறீர் என்று உரிமையோடு கேட்டுப் பாடினார். பறிபோன பொருள் அனைத்தும் கோயில் வாயிலில் வந்து குவிந்தது. மேற்கு நோக்கிய அச்சந்நிதியில் முருகநாத சுவாமியை இன்றும் தரிசிக்கலாம். சிற்பிகளின் உளியோசை கேட்கும் ஊர் அது.

காலம் கடந்தது. திருவாரூரில் இருந்த சுந்தரருக்கு ஒருநாள் சேரமான் நினைவு எழுந்தது. நினைத்தவர் நினைவோடு நின்றுவிடவில்லை. சோழ நாட்டைக் கடந்து, கொங்கு நாட்டின் வழியே சேரநாடு நோக்கி நடந்தார். அவ்வழியில் அவிநாசியின் அந்தணர் வீதியில் நுழைந்தபோது ஒரு வீட்டில் மங்கல ஒலி கேட்டது. அதற்கு எதிர்வீட்டில் அழுகையொலி கேட்டது. காரணம் என்ன என்று வினவினார்.

ஐந்து வயதுடைய இரு சிறுவர்கள் முன்னொரு காலத்தில் ஒன்றாகக் குளத்திற்கு நீராடச் சென்றனர். ஒருவனை முதலை விழுங்கிற்று, மற்றவன் பிழைத்தான். பிழைத்தவனுக்கு இன்று உபநயனம். அந்த மங்கல ஒலியே, தம் பிள்ளையும் இருந்திருந்தால் அவனுக்கும் இன்று பூணூல் அணிவித்திருப்போமே என்ற துயரை எதிர்வீட்டுப் பெற்றோருக்கு மூட்டியது.

சுந்தரர் வந்திருக்கிறார் என்று கேட்டதும் அப்பெற்றோர் அழுகையை அடக்கிக்கொண்டு, மலர்ந்த முகத்தோடு வந்து வணங்கினர். மகனை இழந்தவர்கள் நீங்கள்தாமா என்று அவர் கேட்டபோதும், அது என்றோ நடந்தது, தங்களைத் தரிசிக்கும் பேறு இன்று வாய்த்ததே என்று மகிழ்ந்தனர். அந்த அன்பு சுந்தரரை உருக்கியது. குளக்கரைக்குச் சென்று பதிகம் தொடங்கினார். அப்பதிகம் இறைவனை மறவாமையைச் சொல்லியே தொடங்குகிறது. பிள்ளையைத் தரச் சொல்ல வேண்டும் என்று வேண்டிய நான்காம் பாடல் முடியுமுன், இடையில் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு அச்சிறுவனை முதலை கரையில் உமிழ்ந்தது. சுந்தரர் அவனைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்று இறைவனை வணங்கச் செய்து, அவனுக்கும் முந்நூல் அணிவித்தார்.

கோயிலின் முன்னுள்ள தீபத்தூணில், முதலையின் வாயிலிருந்து பிள்ளை வெளிவரும் சிற்பத்தைக் காணலாம். உள்ளே அவிநாசியப்பரும் கருணாம்பிகையும் அருள்பாலிக்கின்றனர். காசியில் வாசி அவிநாசி என்பது கொங்கு மக்கள் வாக்கு. சித்திரைத் திருவிழாவில் ஓடும் தேர், தமிழகத்தின் பெருந்தேர்களுள் ஒன்று. ஊரின் தாமரைக்குளக் கரையில் சுந்தரர் கோயில் இருக்கிறது. முதலைவாய்ப் பிள்ளையை அழைத்த உற்சவம் பங்குனி உத்திரத்தையொட்டி நடைபெறுகிறது.

இந்த வரலாறு நம்மைப் போன்ற முதியோருக்கு ஒரு செய்தியை வைத்திருக்கிறது. பள்ளித் தோழர்களை ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்குப் பின் தேடிக் கூடும் வழக்கம் இப்போது ஊர்தோறும் பெருகியுள்ளது. திருப்பூர் வட்டாரத்தில் இத்தகைய கூட்டங்களுக்குத் தனி ஆழம் உண்டு. 1978-இல் மேல்நிலைக் கல்வி வருமுன், பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு பள்ளி வாழ்க்கை முடிந்தது. அதே காலத்தில்தான் பின்னலாடை ஏற்றுமதியும் இங்கே தலையெடுத்தது. ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்களில் ஒருவர் பனியன் கம்பெனி முதலாளி ஆனார். ஒருவர் கட்டிங் மாஸ்டர் ஆனார். ஒருவர் வாழ்நாள் முழுதும் பவர்டேபிளில் தைத்தார். ஏறியவர் இறங்குவதும் இவ்வூருக்குப் புதிதன்று. நொய்யல் ஆற்று மாசு வழக்கில், 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, தொழிலை இழந்த குடும்பங்கள் பல.

கூட்டத்திற்கு வருபவர்கள் பெரும்பாலும் மங்கல ஒலி கேட்கும் வீட்டினர். கடன் விழுங்கியவர், நோய் விழுங்கியவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், துணையை இழந்து பேச்சைக் குறைத்துக்கொண்டவர் ஆகியோர் எதிர்வீட்டில் இருக்கிறார்கள். அழைப்பு வந்தாலும், அடுத்த முறை பார்க்கலாம் என்று முகமலர்ச்சியோடு சொல்லிவிடுவார்கள். அவிநாசிப் பெற்றோரும் அழுகையை மறைத்து மலர்ந்த முகம்தான் காட்டினர். சுந்தரர் அந்த மலர்ச்சியோடு திருப்தியடைந்து மேலே நடந்திருந்தால் முதலைவாய்ப் பிள்ளை மீண்டிருக்க மாட்டான்.

ஆகவே, தோழர் கூட்டம் நடத்துவோர் வந்தவர்களை எண்ணுவதோடு வராதவர்களையும் எண்ண வேண்டும். பழைய வருகைப் பதிவேட்டின் வரிசையில் பெயர்களை நினைவுகூர்ந்து, பதில் வராத பெயருக்கு உரியவரின் வீட்டிற்கு இருவராகச் சென்று வரலாம். நன்கொடைத் தொகையை மேடையில் படிக்கும் வழக்கத்தைக் கைவிடலாம். அது எத்தனையோ பேரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. மறைந்த தோழரை நம்மால் மீட்க இயலாது. ஆனால் அவர் பெயரால் சந்நிதியில் ஒரு நெய்விளக்கு ஏற்றி, அவர் இல்லத்தாரைக் கண்டு, உங்கள் வீட்டுக்காரர் கணக்கில் எனக்குச் சொல்லிக்கொடுப்பார் என்று ஒரு சொல் சொல்லிவர நம்மால் இயலும். அந்த வீட்டிற்கு அது பெருஞ்செல்வம்.

அவிநாசியிலிருந்து சேரநாடு சென்று நண்பரோடு கூடியிருந்த சுந்தரரை, ஆடிச் சுவாதியன்று இறைவன் வெள்ளையானை அனுப்பிக் கயிலைக்கு அழைத்தார். அதனை அறிந்த சேரமான் பெருமாள், தம் குதிரையின் செவியில் ஐந்தெழுத்தை ஓதி உடன் சென்றார். கயிலை வாயிலில் அவர் தடைபட்டு நின்றார். சுந்தரர் உள்ளே சென்றார். இறைவனைப் பணிந்த சுந்தரர், சேரமான் வாயிலில் நிற்கிறார் என்று விண்ணப்பித்தார். உடனே அவருக்கும் அழைப்பு வந்தது. அங்குதான் சேரமான் பெருமாளின் திருக்கயிலாய ஞானஉலா அரங்கேறியது. இருவருக்கும் ஆடிச் சுவாதியிலேயே குருபூஜை நடைபெறுகிறது.

கோயம்புத்தூரிலிருந்து சேலம் நெடுஞ்சாலையில் சுமார் 40 கி.மீ. வந்தால் அவிநாசியை அடையலாம். திருப்பூரிலிருந்து அடிக்கடி பேருந்துகள் உண்டு. அடுத்த முறை வரும்போது, நீண்ட நாள் பேசாத பள்ளித் தோழர் ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள். நடக்க இயலாதவராக இருந்தால், கருணாம்பிகையின் குங்குமத்தையும் அவிநாசியப்பரின் திருநீற்றையும் அவர் வீடு தேடிச் சென்று உங்கள் கையால் கொடுங்கள்.