அம்மாவைக் குளிக்க வைப்பது

மறதி நோய் கண்டவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் எது ரொம்பக் கஷ்டம் என்று கேட்டால், ராத்தூக்கம் போவதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் குளியலைச் சொல்வேன். எதிரில் நிற்பது யாரென்றே பிடிபடாத நேரத்தில், துணியைக் களையச் சொல்லித் தலையில் தண்ணீரை ஊற்றினால் யாருக்குத்தான் பயம் வராது? "அடிக்க வராங்க", "பிடிவாதம் தாங்கல" என்று வீடுகளில் சொல்கிறார்களே, அதில் பெரும்பகுதி பயந்துபோன ஒரு மனுஷி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பதுதான்.

அம்மாவுக்கு அல்சைமர். வீடு பெங்களூரில், அல்சூர் ஏரிக்குப் பக்கம். நான் அவருடைய மகள் என்பது சில நாள் அவருக்குத் தெரியும். பல நாள் நான் அவருடைய அக்கா. "அக்கா, சாப்டியா?" என்பார். "சாப்டேம்மா" என்பேன். அக்காவாக இருக்கும் நாட்களில் அவரிடம் ஒரு நிம்மதி தெரிகிறது; அதைத் திருத்தி எனக்கு என்ன ஆகப்போகிறது?

குளியலுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அது பதினோரு மணிக்கு. அம்மா காலமெல்லாம் குழாய்த் தண்ணீர் பிடித்து, சமைத்து, எல்லோரையும் அனுப்பிவிட்டு அதற்குப் பிறகுதான் குளிப்பார். அந்த வழக்கத்தை மாற்றவில்லை. அவரைக் கூப்பிடும் முன்பே கெய்சர் தண்ணீர் வாளியில் பதமாகக் கலந்திருக்க வேண்டும். கதவைச் சாத்தி வைத்து அறையைச் சற்று வெதுவெதுப்பாக்கிக்கொள்வேன். பெங்களூரின் மார்கழிக் குளிரில் சில்லென்ற தரையே போதும், அம்மா திரும்பிப் போய்விடுவார். கால்மிதி கறுப்பாக இருக்கக் கூடாது. இந்த நோயில் கண் நன்றாக இருந்தாலும், கண் பார்த்ததை மூளை படிப்பது தப்பும். கறுப்புக் கால்மிதி பள்ளமாகத் தெரியலாம். கண்ணாடிமேல் ஒரு துண்டு. கண்ணாடியில் தெரிகிற கிழவி யாரென்று தெரியாமல் அவர் எதிரில் உட்கார்ந்து குளிக்க எவர் துணிவார்?

"குளிக்க வாம்மா" என்று சொல்வதே இல்லை. "வெள்ளிக்கிழமை ஆச்சே, எண்ணெய் வெச்சுக்கலாமா?" என்பேன். கிழமை எதுவாக இருந்தாலும் அம்மாவுக்கு அது வெள்ளிக்கிழமைதான். சாய்மானம் உள்ள, வழுக்காத ரப்பர்க்கால் ஸ்டூலில் உட்கார வைத்து, தோளைச் சுற்றி ஒரு பெரிய துண்டைப் போர்த்திவிடுவேன். அந்தத் துண்டு கடைசிவரை அவர்மேல் இருக்கும். அதற்கு உள்ளேதான் என் கை வேலை செய்யும். தண்ணீர் முதலில் பாதத்தில். "சூடு சரியா இருக்கா?" பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும், ஒரு கேள்வி அவருக்குள் போய்ச் சேரவே நேரம் பிடிக்கிறது. பிறகு முழங்கால், கை. சொம்பை அவர் கையில் கொடுத்துவிடுவேன். அப்போதுதான் நான் எப்போதும் வியக்கிற காரியம் நடக்கிறது. இன்றைக்கு என்ன ஆண்டென்று தெரியாத அம்மா, சொம்பை வாளியில் சாய்த்து மொண்டு, இடது தோளில் ஒன்று, வலது தோளில் ஒன்று என்று தானே ஊற்றிக்கொள்கிறார். புதிய நினைவுகளைச் சேர்த்துவைக்கும் பகுதியைத்தான் அல்சைமர் முதலில் தாக்குகிறது. கை பழகிய வேலைகள் மூளையில் வேறு பாதையில் இருக்கின்றன. அவை வெகுநாள் தங்கும். பராமரிப்பில் பாதி நுணுக்கம் அந்தப் பழைய கையைக் கண்டுபிடித்து அதனிடம் வேலையைக் கொடுப்பதில் இருக்கிறது.

தலைக்கு ஊற்றுவது தனி நாளில். என் கையைத் தட்டிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ஈரத்துணியால் துடைத்துவிட்டு எழுந்துவிடுவோம். தினமும் குளித்தே ஆகவேண்டும் என்பது நம் ஆசாரம், அவருடைய தேவை இல்லை. துவட்டும்போது மட்டும் அவசரப்படுவதில்லை. குதிகால், முதுகுத்தண்டின் அடிப்பகுதி, மார்புக்குக் கீழே, தொடையிடுக்கு, எல்லாம் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம்.

இதெல்லாம் எனக்குப் பிறவியில் வந்ததல்ல, பாசத்தாலும் வந்ததல்ல. பாசம் அதிகமுள்ள வீடுகளில்தான் அழுகையும் சத்தமும் அதிகம் கேட்டிருக்கிறேன். கை பழக வேண்டும்; பழகினால் யாருக்கும் வரும்.

பெங்களூரில் இதற்கு இன்னொரு முடிச்சு உண்டு. அம்மா குடியாத்தம் பக்கத்து ஊர்க்காரர். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு அல்சூர் மார்க்கெட்டில் கன்னடத்தில் பேரம் பேசினார், அடுத்த வீட்டில் தெலுங்கு பேசினார். எச்ஏஎல்லில் வேலை பார்த்த அப்பாவின் நண்பர்கள் வந்தால் மூன்று மொழியும் கலந்து ஓடும். நோய் முற்ற முற்ற, பின்னால் வந்த மொழிகள் முன்னால் போய்விட்டன. இப்போது அம்மாவிடம் இருப்பது தமிழ் மட்டும், அதுவும் குடியாத்தத்துத் தமிழ். பகலில் உதவிக்கு வரும் பெண்ணோ ராய்ச்சூர்க்காரர், அவருக்குக் கன்னடம் மட்டும். "ஏளம்மா, ஏளு" என்று அவர் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் அம்மா அப்படியே உட்கார்ந்திருப்பார். பிடிவாதம் என்று அந்தப் பெண் நினைத்ததில் தப்பில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. எழுந்திரும்மா, உக்காரும்மா, வாயைத் திற, முழுங்கும்மா, வலிக்குதா, தண்ணி வேணுமா, பாத்ரூம் போலாமா: இவற்றைக் கன்னட எழுத்தில் எழுதி, பக்கத்தில் கன்னடப் பொருளும் போட்டு, பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அந்தத் தாள் ஒட்டியதிலிருந்து மதியச் சாப்பாடு சண்டையில்லாமல் நடக்கிறது. ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் வயது, அனுபவம், சம்பளம் எல்லாம் சொல்வார்கள். நோயாளிக்கு எந்த மொழி மிச்சமிருக்கிறது என்று கேட்பதில்லை. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த ஊரின் பல மொழிகளைப் பற்றி ஒரு நல்ல சேதியும் உண்டு. இன்று பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் நரம்பியல் பேராசிரியராக இருக்கும் சுவர்ணா அல்லாடி, ஹைதராபாத்தில் இருந்தபோது சக ஆய்வாளர்களோடு 648 நோயாளிகளை ஆராய்ந்து, முடிவுகளை 2013-இல் வெளியிட்டார். ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் நாலரை ஆண்டு தாமதித்தே வந்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் தெரிந்தது. மார்க்கெட்டில் கன்னடம் பேசியது அம்மாவுக்குச் சில நல்ல வருஷங்களைக் கொடுத்திருக்கலாம் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

சாயங்காலம் ஐந்தரை ஆனால் அம்மா எழுந்து முந்தானையைச் செருகிக்கொள்வார். "ஊருக்குப் போகணும், பஸ் போயிடும்." வெளிச்சம் இறங்கும் நேரத்தில் இந்த நோயாளிகள் பலருக்கும் இந்தத் தவிப்பு வரும். "இதுதாம்மா உன் வீடு" என்று சொன்னால் தவிப்பு கூடும். சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன வீடுகள் எனக்குத் தெரியும். நான் விளக்குகளை ஐந்து மணிக்கே போட்டுவிடுவேன். "ஊர்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்பேன். அவர் சொல்லத் தொடங்குவார். கிணறு வரும், சித்தப்பா வருவார், ஒரு வெள்ளாட்டுக்குட்டி வரும். நடுவில் ஒரு கட்டு முளைக்கீரையை மடியில் வைத்தால் கை தானாக ஆயத் தொடங்கும். கீரை முடிவதற்குள் பஸ் மறந்துபோகும். "உங்கப்பா எங்கே?" என்று கேட்பார். அப்பா இறந்துவிட்டார். அந்தச் சேதியை ஒவ்வொரு தடவையும் அம்மா முதல் தடவையாகத்தான் கேட்பார், ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தாலியறுப்பார். அதனால் "வெளியே போயிருக்கார்" என்பேன். இதைப் பொய் என்று கண்டிக்கிறவர்கள் எங்கள் வீட்டுக்கு ஒரு சாயங்காலம் வந்து உட்காரட்டும்.

கதவுக்கு மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள் உண்டு. அதையும் மீறி வெளியே போய்விட்டால்? அவர் ரவிக்கைகளின் உள்பக்கம் என் போன் நம்பரை எழுதிய துணியைத் தைத்திருக்கிறேன், தமிழிலும் கன்னடத்திலும். தெருவில் அவரைப் பார்க்கிறவர் எந்த மொழிக்காரரோ.

மருத்துவம் பற்றிக் கொஞ்சம். "வயசானா அப்படித்தான்" என்று வருஷங்களைக் கடத்தாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, கீழே விழுந்து மண்டைக்குள் கட்டிய ரத்தம் என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் மறதியாக வெளிப்படும். சைவச் சாப்பாட்டு வீடுகளில் பி12-ஐக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் பெயரைக் கேட்டதுமே "அது பைத்தியக்கார ஆஸ்பத்திரி" என்று பின்வாங்குகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதியோருக்கென்றும் நினைவாற்றல் கோளாறுகளுக்கென்றும் அங்கே தனிக் கிளினிக்குகள் இருக்கின்றன. டொனெபெசில், மெமன்டின் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும், நோயைக் குணப்படுத்தாது. இன்னொன்றை எல்லா வீட்டிலும் எழுதி ஒட்டலாம்: இரண்டே நாளில் திடீரென்று நிலை மோசமானால் அது பெரும்பாலும் அல்சைமர் முற்றியதல்ல. சிறுநீரில் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காமை, சோடியம் குறைவு, புதிதாகச் சேர்த்த மாத்திரை, இவற்றில் ஒன்றாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் போனால் பழைய நிலைக்குத் திரும்ப வழியுண்டு. ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், சாப்பிட்ட பின்னும் அரைமணி நேரம். கன்னத்தில் அடக்கிய சோறு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரலாம்.

பணக் காரியங்களை ஆரம்பத்திலேயே முடித்துவிடுங்கள். எழுதிக் கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்துவிட்டால் பவர் பத்திரம் சட்டப்படி நிற்காது. கையெழுத்து மாறத் தொடங்கும் முன்பே வங்கிக் கணக்கு, உயில், பென்ஷன் எல்லாவற்றையும் அவரோடு உட்கார்ந்து, அவர் விருப்பப்படி செய்துகொள்வதுதான் நியாயமும்கூட.

அறுபது வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். இவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள், வீட்டில் ஒரே ஒரு ஆளிடம். பெங்களூர் இந்த விஷயத்தில் பாக்கியம் செய்த ஊர். நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் 2010-லிருந்து கஸ்தூரி நகரில் டிமென்ஷியாவுக்கென்றே ஒரு மையம் நடத்துகிறது. அந்த டிரஸ்ட்டும் மாநகரக் காவல்துறையும் சேர்ந்து 2002-இல் தொடங்கிய முதியோர் உதவி எண் 1090 இருக்கிறது. பராமரிப்பவருக்கே மனம் தாளாத இரவுகளுக்கு மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம். தன் தாயைப் பார்த்துக்கொண்ட அனுபவத்தை அடிப்படையாக வைத்து இந்த ஊர் ஸ்வப்னா கிஷோர் குடும்பங்களுக்காக எழுதியவை, டாக்டர் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததைச் சொல்கின்றன. ஆனால் மையத்தில் இடம் சில பேருக்குத்தான், கட்டணம் கட்ட முடிகிறவர்கள் அதிலும் சில பேர்தான். மீதி வீடுகளில் சேர வேண்டியது இன்னொரு ஜோடிக் கை.

ஆகவே இது, ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்து "அம்மா சாப்பிட்டாங்களா?" என்று கேட்கிற அண்ணன் தம்பிகளுக்கும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும். நீங்கள் அனுப்பும் பணம் உதவுகிறது, இல்லையென்று சொல்லவில்லை. அடுத்த லீவில் ஒரு வாரத்துக்கு வாருங்கள். ஆலோசனை சொல்ல வேண்டாம். முதல் மூன்று நாள் குளியலறை வாசலில் நின்று பாருங்கள், எந்தத் துண்டு, எவ்வளவு சூடு, என்ன வார்த்தை என்று. நாலாம் நாளிலிருந்து சொம்பை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். அதுவரை அம்மாவைக் கவனித்துக்கொண்டிருந்தவரை வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவிட்டு, சாயங்காலம்வரை போன் செய்யாதீர்கள்.