சில நாள் வேலி

மாத்தளை என்றால் நம்மில் பலருக்கு முத்துமாரியம்மன் கோயில் தேரும், மிளகு, கராம்பு, கொக்கோத் தோட்டங்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால் மாத்தளை நகரில் பஸ் ஏறி ஏ9 வீதியால் வடக்கே போகப் போக இந்த மாவட்டத்தின் முகம் மாறிவிடும். நாவுலவைக் கடந்தால் மலைகள் பின்வாங்கிவிடும். பாலை மரமும் வீரை மரமும் முள்ளுப் பற்றைகளும் வீதியோரத்தில் வரத் தொடங்கும். மழை குறைவு, வெயில் அதிகம். வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் காடு புதிதாகத் தெரியாது.

தம்புள்ளைப் பக்கத்தில் நான் மாதம் ஒருமுறை போய்வரும் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அங்கே ஓர் அம்மா பேத்தியோடு வாழ்கிறார். பிறந்தது மாத்தளைத் தோட்டமொன்றில். 1977 கலவரத்துக்குப் பிறகு பெற்றோர் அவரைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார்கள். மலையகத்திலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் ஏராளம். 2009இல் கணவரை இழந்து, மெனிக் பாம் முகாமில் இருந்து, பின்னர் அக்காவைத் தேடித் திரும்பவும் இந்த மாவட்டத்துக்கே வந்தார். இப்போது தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் வெங்காயம் தெரிக்கிறார். மகள் குவைத்தில் வேலை செய்கிறார். பேத்திக்கு எட்டு வயது.

சென்ற முறை நான் போனபோது அந்த வீட்டில் புதிதாக ஒருவர் இருந்தார். என் உள்ளங்கையைவிடச் சிறிய ஓர் ஆமைக் குஞ்சு. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள், ஒவ்வொரு கட்டத்திலும் நட்சத்திரம் வரைந்தாற்போல. பக்கத்துச் சேனைக்குத் தீ வைத்தபோது பேத்தி கண்டு எடுத்து வந்திருக்கிறாள். ஓட்டின் ஓரம் சற்றுக் கருகியிருந்தது.

இது நட்சத்திர ஆமை. சிங்களத்தில் 'தாரக்க இப்பா' என்பார்கள். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் வறண்ட புல்வெளிகளிலும் பற்றைக் காடுகளிலும் வாழும் தரை ஆமை. மெதுவாக வளரும். முட்டையிடும் பருவத்தை அடையவே பல வருடங்கள் எடுக்கும். அழகான ஓடுதான் இதற்கு எமன். செல்லப் பிராணியாக விற்பதற்கென்று உலகெங்கும் கடத்துகிறார்கள். இந்தியாவில் ஒரே ஒரு வியாபார மையத்துக்காக மட்டும் வருடத்துக்கு 55,000 ஆமைகளாவது பிடிக்கப்படுகின்றன என்று 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2019இல் இதன் சர்வதேச வணிக வர்த்தகம் தடை செய்யப்பட்டது.

அந்த அம்மாவிடமும் கேட்டு வந்துவிட்டார்கள். வெங்காய லொறியோடு வந்த ஒருவர், ஒரு கிழமைச் சம்பளத்துக்கு மேலாகத் தருவதாகச் சொன்னாராம். அவருக்குக் கடன் இருந்தது. அதனால்தான் என்னிடம் கேட்டார்: "குடுத்தால் பிழையோ பிள்ளை?"

சட்டத்தை நான் விளக்கினேன். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் மற்றும் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இது பாதுகாக்கப்பட்ட உயிரினம். 2009இல் அந்தச் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. அனுமதியில்லாமல் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். வாங்குகிறவர் லொறியில் ஏறிப் போய்விடுவார். வழக்கு என்று வந்தால் அலைவது வீட்டில் இருக்கும் பெண்தான். தனியாகக் குடும்பம் நடத்தும் நமக்கு இது விளங்கும்.

"அப்ப உடனே காட்டிலை விடுவமோ?" என்று கேட்டார். சேனை இன்னும் புகைந்துகொண்டிருந்தது. காயமும் இருந்தது. அன்று மாலையே வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதென்றும், அவர்கள் வரும்வரை பத்திரமாக வைத்திருப்பதென்றும் முடிவு செய்தோம்.

முதலில் பேத்தி பழைய கோழிவலையை வளைத்து ஒரு கூடு செய்திருந்தாள். ஆமை அதில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. வலைக்கு வெளியே தெரியும் புல்லைப் பார்த்துப் பார்த்து முட்டியது. விலகிப் போய், திரும்பவும் வந்து அதே இடத்தில் முட்டியது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வலையை எடு. அதுக்கு வெளி தெரியுது. நாங்களும் முள்ளுக்கம்பிக்குள்ளை இருந்து றோட்டைப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்" என்றார். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

ஆமை வளர்ப்பில் அனுபவமுள்ளவர்களும் இதையே சொல்கிறார்கள். பக்கச் சுவர் வெளியே தெரியாததாக இருக்க வேண்டும். வெளி தெரிந்தால் ஆமை நாள் முழுவதும் முட்டிக் களைத்துப்போகும், மூக்கும் காயப்படும். வீட்டில் மிஞ்சிக் கிடந்த செங்கற்களால் நான்கு அடி நீளம், மூன்று அடி அகலத்தில் ஓர் அடி உயரச் சுவர் அடுக்கினோம். ஆமை தோண்டக் கூடியது. ஆகவே அடிக் கல்லை அரை அடி மண்ணுக்குள் இறக்கினோம். காகம், கீரி, உடும்பு, நாய் எல்லாமே குஞ்சுக்கு எதிரிகள். கழற்றிய கோழிவலையை மேலே மூடிக் கம்பியால் கட்டினோம். பாதிக்குக் கிடுகு போட்டு நிழல் செய்தோம்; மற்றப் பாதியில் வெயில் விழவேண்டும், ஏனென்றால் அதன் உடல் தானாகச் சூடாவதில்லை. தகரம் வெயிலில் கொதிக்கும் என்பதால் அதைத் தொடவில்லை. ஒளிந்துகொள்ள உடைந்த பானையொன்றைச் சரித்து வைத்தோம். தண்ணீருக்கு மண்தட்டு, ஆமை தலையை நிமிர்த்தி நிற்கக்கூடிய அளவுக்குத்தான் தண்ணீர். எறும்பு ஏறுகிறதா என்று காலையும் மாலையும் பார்ப்பது பேத்தியின் பொறுப்பு.

சாப்பாட்டுக்குப் புல், செவ்வரத்தம் இலையும் பூவும், நாகதாளி. சோறு, பாண், பால் எதுவும் கூடாது. காயத்தைச் சுத்தமான தண்ணீரால் மட்டும் கழுவினோம். எண்ணெயோ மஞ்சளோ பூசவில்லை. ஓடு வெறும் கூடு அல்ல. அதன் கீழே எலும்பும் நரம்பும் இருக்கின்றன. ஓட்டில் துளை போட்டுக் கயிறு கட்டும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. அது உயிரோடு எலும்பில் துளையிடுவதுதான். ஆமையைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். வயிற்றோட்டம் உண்டாக்கும் சல்மொனெல்லா கிருமி ஆமைகளிடம் இருக்கலாம்.

அறிவிப்பதுதான் கடினமாக இருந்தது. சீருடை போட்டவர்கள் வாசலுக்கு வருவதை நினைத்தே அம்மாவுக்குக் கை நடுங்கியது. திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு நான் அவர் பக்கத்தில் இருந்துகொண்டே பேசினேன். மறுநாள் வந்த உத்தியோகத்தர்கள் காயத்தைப் பார்த்தார்கள். எந்த இடத்தில் கண்டெடுத்தது என்று விபரமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். குணமானதும் அந்தச் சுற்றாடலிலேயே விடவேண்டுமாம். முன்பின் தெரியாத காட்டில் விட்டால் அது வழி தெரியாமல் அலையும், அங்குள்ள ஆமைகளுக்கு நோயும் பரவலாம்.

பேத்தி அழுதாள். அம்மா வெளிநாடு போனதிலிருந்து அந்தப் பிள்ளைக்கு யாரையும் வழியனுப்பப் பிடிப்பதில்லை. அம்மம்மா அவளை மடியில் இருத்தி, "அது தன்ரை ஊருக்குப் போகுது. எங்களுக்கு இல்லாத வாய்ப்பு அதுக்கு இருக்கு" என்று மட்டும் சொன்னார். அந்தச் செங்கற் கூட்டுக்குள் இப்போது கீரை போட்டிருக்கிறார்கள்.

சகோதரிகளே, வவுனியாவிலோ மன்னாரிலோ அம்பாறையிலோ நீங்கள் இருந்தாலும், உங்கள் காணியிலும் இந்த ஆமை வரக்கூடும். நலமாக நடந்துபோனால் அதன் வழியில் விட்டுவிடுங்கள். தீயோ வாகனமோ நாயோ காயப்படுத்தியிருந்தால் மேலே சொன்னபடி சில நாள் இடம் கொடுங்கள், உடனே அறிவியுங்கள். அரசாங்க அலுவலகங்களில் தமிழில் பேச உங்களுக்கு உரிமை உண்டு. தனியாகப் பேசத் தயக்கமென்றால் கிராம உத்தியோகத்தரையோ பிள்ளையின் ஆசிரியையையோ துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விலை பேசி வருகிறவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.