மேஜை மேல் ஒரு கொல்கத்தா டிராம்

கொல்கத்தாவின் எஸ்பிளனேட் டிராம் நிலையத்தில், எங்கும் புறப்படாத ஒரு டிராம் நிற்கிறது. 1938-ல் செய்யப்பட்ட அந்த வண்டிதான் 2014 முதல் ‘ஸ்மரணிகா’ என்ற அருங்காட்சியகம். ஒரு பெட்டியில் சிற்றுண்டிக் கடை. இன்னொன்றில் பழைய டிக்கெட்டுகள், நடத்துநரின் தொப்பி, வில்லைகள். கூடவே சின்னச் சின்ன டிராம் மாதிரிகள். குழந்தைகளின் கால்கள் நகர மறுப்பது அங்கேதான்.

‘இதை வீட்டில் செய்ய முடியுமா?’ என்று கேட்டால், முடியும். பொறுமையும் கொஞ்சம் கணக்கும் போதும்.

மாதிரி செய்பவர்களிடம் பரவலாக உள்ள அளவு 1:87. அதாவது, அசலில் 87 செ.மீ. இருப்பது மாதிரியில் 1 செ.மீ. கொல்கத்தா டிராம் தண்டவாளத்தின் அகலம் 1,435 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 16.5 மி.மீ. இதே அளவில் வரும் மாதிரி ரயில் தண்டவாளங்களின் அகலமும் அதுவே! இந்தக் கணக்கில், வண்டியில் ஏறும் ஐந்தரை அடி மனிதர் 2 செ.மீ.கூட இருக்க மாட்டார்.

உடலுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தகடு. ஜன்னல்களை வெட்டும்போதுதான் கை நடுங்கக் கூடாது. அரை மில்லிமீட்டர் பிசகினாலும், அசலில் அது நான்கு செ.மீ.க்கு மேல். கூரையில் நின்று மின்கம்பியைத் தொடும் கம்பத்துக்குப் பித்தளைக் கம்பி. அதை இழுத்து இறக்கும் கயிற்றுக்குத் தையல் நூல். முன்பெட்டி முதல் வகுப்பாக இருந்ததால், உள்ளே மின்விசிறிகளும் வேண்டும்.

புதுப் பெயின்ட் பளபளத்தால் அது பொம்மையாகிவிடும். சக்கரத்தருகே துருவின் பழுப்பு, கூரையில் தூசி, ஓரங்களில் உரசல்... இவை சேர்ந்த பிறகுதான் அது ஊர் சுற்றிய வண்டி ஆகிறது.

இந்த நுணுக்கங்களை எல்லாம் அசல் வண்டியின் அருகே நின்றுதான் பார்க்க முடியும். சென்னையில் 1895-ல் மின்சார டிராம் ஓடத் தொடங்கி, 1953-ல் நின்றது. இன்று அதன் மாதிரியைச் செய்ய நினைப்பவர், கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான் பெரிதும் நம்ப வேண்டும். வண்டியின் நிறத்தைக்கூட அவை சொல்லாது.

கொல்கத்தாவில் 1873-ல் குதிரை இழுத்த டிராம், 1902-ல் மின்சாரத்துக்கு மாறியது. எஸ்பிளனேட் – மைதானம் தடம் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024-ல் மேற்கு வங்க அரசு அறிவித்தது.

ஆகவே, அங்கே போகிறவர்கள் டிராம் முன் செல்ஃபி எடுப்பதோடு திரும்பிவிட வேண்டாம். ஊழியர்களிடம் அனுமதி கேட்டு, நிற்கும் வண்டியின் ஓரத்தில் ஓர் அடி ஸ்கேலைப் பிடித்து, நான்கு பக்கமும் படம் எடுக்கலாம். பிறகு யாரோ ஒருவர் மாதிரி செய்ய உட்காரும்போது, ஜன்னலின் அளவை ஊகிக்க வேண்டியிருக்காது.