அறுபது வருஷப் பிசகு

அகராதி பார்க்கத் தெரிந்தவன் பாதி படித்தவன் என்று எங்கள் ஊர்த் தமிழ் வாத்தியார் அடிக்கடி சொல்லுவார். மீதிப் பாதி என்ன என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பார்த்ததை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்துகொள்வதுதான் அந்த மீதிப் பாதி என்பது எனக்குத் தெரிய வந்தபோது எனக்கு இருபத்து நாலு வயசு. சொல்லிக் கொடுத்தவர் வாத்தியார் அல்ல. மூர் மார்க்கெட்டில் பழைய புஸ்தகம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பாய்.

மூர் மார்க்கெட்டை இன்றைய வாசகர்களில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 1900-இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985-இல் தீக்கு இரையாகிவிட்டது. நான் சொல்லும் சம்பவம் நடந்தது 1979-இல். அப்போது என்னுடைய இரண்டு கதைகள் பத்திரிகையில் வந்திருந்தன. ஏழு கதைகள் திரும்பி வந்திருந்தன. உத்தியோகம் என்று ஒன்றும் இல்லை. தினமும் வந்து நின்றுகொண்டே படித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவனை என்ன செய்வது என்று யோசித்த பாய், கடைசியில் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டுவிட்டார். மாசம் நூற்றிருபது ரூபாய். தினம் இரண்டு டீ. வருகிற புஸ்தகங்களுக்கு ஜாபிதா எழுதவேண்டும். எப்போது அச்சானது, யார் அச்சிட்டது, எத்தனை பக்கம், குறை உண்டா என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கவேண்டும்.

சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன். தமிழில் பழைய புஸ்தகத்துக்கு வயசு சொல்வது எவ்வளவு சங்கடம் என்பது அந்த நோட்டை எடுத்த பிறகுதான் தெரிந்தது. தலைப்புப் பக்கத்தில் இங்கிலீஷ் வருஷம் இருந்தால் பிழைத்தோம். பல புஸ்தகங்களில் பிரபவ, விபவ என்று போகிற அறுபது வருஷங்களில் ஒன்றின் பெயர் மட்டும் இருக்கும். அறுபது முடிந்தால் மறுபடியும் பிரபவ. 'விய வருஷம்' என்று போட்டிருந்தால் அது 1826 ஆகவும் இருக்கலாம், 1886 ஆகவும் இருக்கலாம், 1946 ஆகவும் இருக்கலாம். பாட்டன், மகன், பேரன் மூவருக்கும் ஒரே பெயர் வைத்த வீட்டில் தபால்காரன் படுகிற பாடுதான்.

பாயின் மேஜைமேல் ஒரு தடித்த புஸ்தகம் எப்போதும் இருக்கும். ஜான் மர்டாக் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி 1865-இல் வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் அட்டவணை அது. 1968-இல் அரசாங்கத்தின் தமிழ் வளர்ச்சி ஆராய்ச்சி மன்றம் மறுபதிப்பாகக் கொண்டுவந்ததுதான் பாயிடம் இருந்தது. அதைக் கையில் எடுத்த முதல் வாரத்திலேயே நான் பெரிய பண்டிதனாகிவிட்டேன். எந்தப் புஸ்தகம் வந்தாலும் மர்டாக்கைப் புரட்டுவேன். இருந்தால் ஒரு டிக், இல்லாவிட்டால் ஒரு கேள்விக்குறி. என் எழுத்தில் பக்கம் பக்கமாக நோட்டு நிறைவதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருக்கும்.

இந்தச் சமயத்தில் வாணியம்பாடியில் ஒரு கல்யாணம் என்று பாய் மூன்று நாள் ஊருக்குப் போனார். முதல் நாள் மத்தியானம், திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு பாட்டி பேரனோடு வந்தாள். பையனுக்குப் பதினாறு வயசிருக்கும். அவன் தலையில் ஒரு துணி மூட்டை. பாட்டியின் மாமனார் சேர்த்து வைத்த புஸ்தகங்களாம். பையனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது, பத்து நாளில் பணம் கட்டவேண்டும் என்றாள்.

மூட்டையில் முப்பது புஸ்தகங்களுக்குமேல் இருந்தன. பெரும்பாலானவை பள்ளிக்கூடப் பாட புஸ்தகங்கள், பஞ்சாங்கங்கள். நடுவில் ஒன்று, அட்டை போய், நூல் பிரிந்து, ஆனால் பக்கம் குறையாமல் இருந்தது. ஒரு நீதிநூலின் உரைப் பதிப்பு. தலைப்புப் பக்கத்தில் 'விய வருஷம்' என்று மட்டும் போட்டிருந்தது. காகிதத்தின் பழுப்பைப் பார்த்தாலே 1946 இல்லை என்று சத்தியம் செய்யலாம். மிச்சம் 1826, 1886 இரண்டுதான். மர்டாக்கைப் புரட்டினேன். அதே நூல், அதே உரையாசிரியர் பெயர், அச்சாகக் கண்முன் இருந்தது!

என் மூளை வேலை செய்த வேகத்தை என்னென்பது? மர்டாக்கின் அட்டவணை வந்தது 1865-இல். அதில் இருக்கிற புஸ்தகம் 1886-இல் அச்சாகியிருக்க முடியாது. ஆகையால் இது 1826. ஆகையால் இது நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தியது. 1835-இல் அச்சகங்களுக்கு இருந்த கட்டுப்பாடு நீங்கிய பிறகுதான் தமிழர்களின் அச்சகங்கள் பெருகின. அதற்கு முந்திய தமிழ்ப் புஸ்தகம் கிடைப்பதே அபூர்வம் என்று பாய் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"பாட்டி, இது சாதாரணப் புஸ்தகம் இல்லை. ஆயிரக்கணக்கிலே போகும்" என்றேன்.

"நிஜமாவா அப்பா?" என்றாள் பாட்டி.

"அட்டவணையிலேயே இருக்கு" என்றேன். பேரன் பாட்டியின் முகத்தைப் பார்த்தான். பாய் வந்ததும் விலை பேசிக்கொள்ளலாம் என்று மூட்டையை வைத்துக்கொண்டு, விலாசம் எழுதிக்கொண்டு அனுப்பினேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் எழுதிய கதையில்கூட யாருக்கும் இவ்வளவு நல்லது நடந்ததில்லை.

நாலாம் நாள் பாய் வந்தார். புஸ்தகத்தைக் கையில் எடுத்தார். முதல் பக்கத்தைப் பார்க்காமல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"மர்டாக்கிலே எத்தனை பக்கம்னு போட்டிருக்கு, தம்பி?"

பார்த்தேன். எழுபத்திரண்டு என்று போட்டிருந்தது.

"இதிலே எத்தனை?"

தொண்ணூற்றாறு.

"மர்டாக் பார்த்த புஸ்தகம் இது இல்லே. அந்தப் பேருள்ள புஸ்தகம், அவ்வளவுதான். ஒரே பேரிலே அம்பது தடவை அச்சுப் போட்டிருப்பாங்க. நீ பேரைப் பார்த்தே, பதிப்பைப் பார்க்கலே." சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "முன்னுரையைப் படிச்சியா?" என்றார்.

"எந்த முன்னுரை? மர்டாக்கினுடையதா, இதனுடையதா?"

"ரெண்டும்" என்றார் பாய்.

இரண்டையும் நான் படித்திருக்கவில்லை. அன்று மத்தியானம் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு என்னை அனுப்பினார். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள தமிழ்ப் புஸ்தகங்களுக்கு பார்னெட்டும் போப்பும் தயாரித்த அட்டவணை 1909-இல் வெளியாயிற்று. திருவாசகத்தை இங்கிலீஷில் மொழிபெயர்த்த அதே போப்தான்; புஸ்தகம் வெளிவருவதற்கு முந்திய வருஷம் அவர் காலமாகிவிட்டார். தமிழ்ப் பெயர்களையெல்லாம் ரோமன் எழுத்தில், மேலும் கீழும் புள்ளி வைத்து எழுதியிருக்கும். அதில் ஒரு பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. கண்டுபிடித்தபோது, கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றிற்று. சென்னை, தொண்ணூற்றாறு பக்கம், 1887.

ஆனால் ஆசை பிடித்த மனசு வக்கீல் மாதிரி வாதாடும். 'விய வருஷம் 1886 அல்லவா? இவன் 1887 என்கிறானே! அவன் பார்த்ததும் வேறு பதிப்பாக இருக்கக் கூடாதா?' என்றது. அப்போதுதான் பாய் சொன்ன இரண்டாவது முன்னுரை நினைவுக்கு வந்தது. பாட்டியின் புஸ்தகத்து முகவுரையின் அடியில், விய வருஷம் தை மாசம் என்று போட்டு, தேதியும் வெள்ளிக்கிழமை என்று கிழமையும் கொடுத்திருந்தது. தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. தை வருவதற்குள் இங்கிலீஷ் வருஷம் மாறிவிடுகிறது. ஆகவே விய வருஷத்துத் தை மாசம் 1887 ஜனவரியில்தான் வரும். அல்லது 1827 ஜனவரியில்.

இந்த இரண்டில் எது என்று தீர்ப்புச் சொல்ல ஒரு மனுஷர் இருந்தார். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. பின்னாளில் சென்னைச் சட்டசபைக்குத் தலைவராக இருந்தவர். கல்வெட்டுக்காரர்களுக்கும் ஜோசியர்களுக்கும் உதவும்படியாக 'இந்தியன் குரோனாலஜி' என்று ஒரு கணக்குப் புஸ்தகம் 1911-இல் வெளியிட்டார். எந்தத் தமிழ்த் தேதிக்கும் இங்கிலீஷ் தேதியும் கிழமையும் அதில் கணக்கிட்டுக் கொள்ளலாம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அறுபது தமிழ் வருஷம் என்பது கிட்டத்தட்ட 21,915 நாளரை. அதை ஏழால் வகுத்தால் ஐந்தரை மிஞ்சும். அதாவது, வருஷத்தின் பெயர் திரும்பி வந்தாலும், மாசமும் தேதியும் திரும்பி வந்தாலும், கிழமை ஐந்து நாளோ ஆறு நாளோ தள்ளிப் போய்விடும். பாட்டன் பெயரை வைத்துக்கொண்ட பேரனுக்குப் பாட்டனின் கைரேகை வராததைப் போல.

பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பயந்து ஓடினவன் நான். இரண்டு மணி நேரம் அந்த அட்டவணைகளோடு மல்லுக்கட்டினேன். 1827-இல் அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. 1887-இல் வெள்ளிக்கிழமை வந்தது. பென்சிலை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

பாயிடம் வந்து சொன்னேன். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "மர்டாக் எதுக்காக அந்தப் பட்டியல் போட்டார்னு முதல் பக்கத்திலிருந்தே சொல்லியிருக்கார். தமிழாளுங்க என்னென்ன படிக்கிறாங்கன்னு தெரிஞ்சாத்தான் மிஷன்காரங்க என்ன அச்சுப் போடலாம்னு தெரியும். அந்தக் கண்ணாலே பார்த்த பட்டியல் அது. மியூசியம் பட்டியல், அவங்க அலமாரியிலே இருக்கிறதுக்கு மட்டும். அவங்ககிட்டே இல்லேன்னா உலகத்திலேயே இல்லேன்னு அர்த்தமில்லே. எந்தப் பட்டியலும் யாரோ ஒருத்தர் வீட்டு ஜன்னல்தான், தம்பி. ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்குன்னு முதல்லே தெரிஞ்சுக்கணும்" என்றார்.

பிறகு மூட்டையிலிருந்து, நான் கழித்துக் கட்டி வைத்திருந்த நாலைந்து மெல்லிய பாட்டுப் புஸ்தகங்களை எடுத்தார். சந்தையில் காலணா அரையணாவுக்கு விற்ற குஜிலிப் பதிப்புகள். "இதெல்லாம் மர்டாக்கிலே இல்லேன்னு கேள்விக்குறி போட்டிருக்கே. 1867-க்கு அப்புறம் அச்சானது மர்டாக்கிலே எப்படி இருக்கும்?" என்றார். 1867-இல் வந்த சட்டப்படி, அச்சிட்டவர் பெயரையும் ஊரையும் புஸ்தகத்தில் போடவேண்டும். சர்க்காரில் பதிவும் செய்யவேண்டும். அரசாங்கம் 1960-களில் வெளியிட ஆரம்பித்த தமிழ் நூல் விவர அட்டவணை அந்த வருஷத்திலிருந்துதான் தொடங்குகிறது. அந்த 1867 பிரபவ வருஷமாகவும் அமைந்தது, ஞாபகம் வைத்துக்கொள்ள எனக்குக் கிடைத்த ஒரு சலுகை.

மூட்டை முழுவதற்கும் பாய் இருநூற்றுப் பத்து ரூபாய் விலை போட்டார். குஜிலிப் பதிப்புகளுக்குத்தான் அதில் பாதிக்குமேல். அதைவிட அதிகம் எந்தக் கடையிலும் கிடைத்திராது. "நீயே போய்க் கொடுத்துட்டு வா" என்றார்.

திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் ஒண்டுக் குடித்தனம். பாட்டி என்னைப் பார்த்ததும் பாயை விரித்தாள். மோர் கொண்டுவரச் சொன்னாள். பேரன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். மோரைக் குடித்துவிட்டுச் சொல்வதா, குடிக்காமலே சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. குடிக்காமலே சொன்னேன். பக்கக் கணக்கு, வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சொன்னேன். அவளுக்கு அது புரியவேண்டிய அவசியமே இல்லை. எனக்கு அது சொல்லவேண்டிய அவசியம் இருந்தது.

பாட்டி ரூபாயை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டாள். "வளையலை விக்க வேண்டாம்னு இருந்தேன், வித்துக்கறேன்" என்றாள். அப்புறம், என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "நீ ஒண்ணும் கஷ்டப்படாதே அப்பா. நீ சொன்ன அந்த மூணு நாள் நாங்க சந்தோஷமா இருந்தோம்" என்றாள்.

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு ஆறவில்லை.

பிற்காலத்தில் இங்கிலீஷ் புஸ்தக வியாபாரத்தைப் பற்றியும் கொஞ்சம் படித்தேன். ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்டு என்ற இரண்டு இளைஞர்கள் 1934-இல் ஒரு புஸ்தகம் எழுதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிகளின் அபூர்வமான முதற் பதிப்புகள் என்று விலைபோன சுமார் ஐம்பது சிறு வெளியீடுகளைப் பரிசோதித்து, அவற்றில் பெரும்பாலானவை போலி என்று காட்டினார்கள். 1847 என்று தேதி போட்ட ஒன்றில் இருந்த காகிதம், அந்த வருஷத்தில் செய்யப்படாத காகிதம்! போலிகளுக்குப் பின்னால் இருந்தவர் தாமஸ் வைஸ் என்ற மகா பண்டிதர். அவர் தயாரித்த நூற்பட்டியல்களைத்தான் வியாபாரிகள் வேதமாக வைத்திருந்தார்கள். அவற்றில் தம்முடைய போலிகளையும் அவர் கம்பீரமாகச் சேர்த்திருந்தார். இதைப் படித்தபோது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்கூட உண்டாயிற்று. அவர்களைப் பட்டியல் ஏமாற்றியது. என்னைப் பட்டியல் ஏமாற்றவில்லை. அது எழுபத்திரண்டு பக்கம் என்று சரியாகத்தான் சொல்லிற்று. நான்தான் கேட்கவில்லை என்று நினைத்தபோது அந்தச் சந்தோஷமும் போய்விட்டது.

இப்போது பழைய புஸ்தகங்கள் பலவற்றை வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் பார்க்க முடிகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த பொக்கிஷம், 1994-இலிருந்து சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. பாய் எடுத்து வைத்தது போன்ற குஜிலிப் பாட்டுகளுக்கும் அங்கே மரியாதை உண்டு. சில சமயம் இளைஞர்கள் ஒரு புஸ்தகத்தைக் கொண்டுவந்து, "ஸார், இது எந்த வருஷம்?" என்று கேட்கிறார்கள். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறேன். பிறகு முன்னுரையைப் படிக்கிறேன். பிறகு, "நாளைக்கு வாருங்கள்" என்கிறேன்.

கிழவருக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும். ஒரு நாள் தாமதமாகச் சொல்வதனால் யாருக்கும் வளையல் போவதில்லை.